தாய்மொழி வேண்டாம் என்ற மனிதர்

கலியாண வீடுகளில் பக்கத்துக் கதிரையில் இருப்பவர் "நீங்கள் என்ன வேலை செய்தனீங்கள்?" என்று கேட்டால், நான் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். அகதி விசாரணைகளில் ரஷ்ய மொழிபெயர்ப்பாளராக இருந்தேன் என்பதுதான் உண்மை. ஆனால் அதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் என் முகத்தையும் நெற்றியில் இருக்கிற திருநீற்றையும் ஒருமுறை பார்ப்பார். "தமிழ் மொழிபெயர்ப்பாளரோ?" என்று எனக்காகத் திருத்தியும் விடுவார். இல்லை, ரஷ்யன்தான் என்றால், "பகிடி விடாதேங்கோ அண்ணை" என்பார். அதற்குள் சோறு வந்துவிடும், நானும் விட்டுவிடுவேன்.

இப்போது விட முடியவில்லை. சில மாதங்களுக்கு முன்பு பழைய தொழில்காரர் சிலர் கூடிச் சாப்பிட்டோம். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளும் வந்திருந்தார்கள். இப்போது விசாரணைகள் பெரும்பாலும் கணினித் திரையில்தான் நடக்கின்றன. நடுவர் ஒரு வீட்டில், வழக்கறிஞர் ஒரு வீட்டில், மொழிபெயர்ப்பாளர் தன் குசினி மேசையில். பனிக்குள் கார் ஓட்டத் தேவையில்லை, ரொறன்ரோ நடுநகரில் கார் விடக் காசு கொடுக்கத் தேவையில்லை என்று அந்தப் பிள்ளைகள் சந்தோசப்பட்டார்கள். நியாயமான சந்தோசம்தான். அதில் ஒருத்தி என்னைப் பார்த்து, "அங்கிள், ஒரே ரூமுக்குள்ள பக்கத்தில இருந்து செய்யிறதில அப்பிடி என்ன இருக்கு?" என்று கேட்டாள். மேசையில் வைத்துச் சொல்லக்கூடிய பதில் அல்ல அது. அதனால் எழுதுகிறேன்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். இரகசியம் காப்பேன் என்று சத்தியம் செய்த தொழில் என்னுடையது. ஆட்களின் பெயர், இடம், செய்த வேலை, பிறகு வரப்போகிற கடை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். யாராவது தேடிப் போனால் கால்நோவுதான் மிச்சம்.

நான் ரஷ்யன் படித்த கதை சுருக்கமானது. அப்பா யாழ்ப்பாணத்தில் செங்கொடி பிடித்தவர். கோயிலுக்குள் எல்லாரையும் விடவேண்டும் என்று அடி வாங்கியவர். எனக்குச் சோவியத் புலமைப்பரிசில் கிடைத்த அன்று அவர் ஊர் முழுக்கச் சைக்கிளில் போய்ச் சொன்னார். அங்கே எனக்குப் படிப்பும் சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். அந்த நாட்டின் உப்பைத் தின்றவன் நான், அதை மறக்கமாட்டேன். ஆனால் என்னோடு படித்த அந்திரேய் என்ற நண்பன், என் விடுதிக்கு இரண்டு தடவை வந்ததற்காக இரண்டு தடவையும் விசாரிக்கப்பட்டான். நான் விடுமுறைக்கு லண்டன் போய்வரலாம். அவன் தன் நாட்டு எல்லையைத் தாண்டக் கடவுச்சீட்டே கேட்க முடியாது. கல்லூரியில் நகல் எடுக்கும் இயந்திரம் இருந்த அறையைப் பின்னேரத்தில் பூட்டி, பூட்டின் மேல் முத்திரை வைப்பார்கள். வெளிநாட்டு வானொலி வரும் இடத்தில் இரைச்சல்தான் வரும். படிப்பு முடிந்து நான் புறப்பட்ட அன்று அந்திரேய் வீதியின் மறுபக்கத்தில் நின்றான். கிட்ட வரவில்லை. தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டான். கடிதம் எழுதாதே என்று அதற்கு முதல் நாளே சொல்லியிருந்தான், நானும் எழுதவில்லை. இதையெல்லாம் அப்பாவுக்கு நான் சொன்னதில்லை. அவருடைய சந்தோசத்தில் ஏன் மண்ணள்ளிப் போடவேண்டும்?

பிறகு நாட்டில் சண்டை, நானும் அகதியாகிக் கனடா. என் எஞ்சினியர் பட்டத்தை மிசிசாகாவில் ஒரு பெட்டி செய்கிற தொழிற்சாலைகூட மதிக்கவில்லை. அங்கே பெட்டி மடித்துக்கொண்டிருந்தபோதுதான், ரஷ்யன் தெரிந்தவர்கள் தேவை என்று ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகம் கேட்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அப்படித்தான் திருமதி ஹானாவைச் சந்தித்தேன்.

ஹானா செக் நாட்டுக்காரி. நெட்டையான மனுசி, வெள்ளைத் தலைமயிர், கோடையிலும் கம்பளிச் சட்டை. எனக்கு அவர் வைத்த பரீட்சை இன்னும் நினைவிருக்கிறது. ஒரு ஒலிநாடாவைப் போட்டார். யாரோ ஒரு கிழவன் பாதி ரஷ்யனும் பாதி வேறு ஏதோ மொழியுமாகத் தடுமாறித் தடுமாறித் தன் மாட்டைப் பற்றிச் சொல்கிறான். நான் அதை அழகான ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் பெருமையோடு நிமிர்ந்தேன். ஹானா நாடாவை நிறுத்தினார்.

"நீ அவனுக்கு நல்ல கோட்டு ஒன்று போட்டுவிட்டாய். வரும்போது அவன் அதைப் போட்டுக்கொண்டா வந்தான்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். கிழிந்த சட்டையோடு வருகிறவனைக் கிழிந்த சட்டையோடுதான் உள்ளே விடவேண்டும். அவன் உடைத்துச் சொன்னால் நீயும் உடைத்துச் சொல். அவன் நிறுத்தினால் நீயும் நிறுத்து. உன்னுடைய இரக்கத்தை யாரும் கேட்கவில்லை. மறுபடி நாடாவைப் போட்டார். மூன்றாவது தடவைதான் தலையாட்டினார்.

வேலை முறைகள் எல்லாவற்றையும் அவரிடம்தான் கற்றேன். விசாரணைக்கு முன் விண்ணப்பக்காரரோடு ஒரே மொழிதான் பேசுகிறோமா என்று பார்க்க இரண்டு வார்த்தை பேசவேண்டும். வழக்கைப் பற்றி அல்ல, காலையில் என்ன சாப்பிட்டார், எந்த பஸ்ஸில் வந்தார் என்று. அதன் பிறகு அவரோடு ஒரே வாங்கில் பக்கத்தில் இருக்கக்கூடாது, அவர் தருகிற கோப்பியை வாங்கக்கூடாது. உள்ளே போனால் "அவர் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது. அவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்லவேண்டும். என்னைப் பற்றி ஏதாவது சொல்ல நேர்ந்தால் "மொழிபெயர்ப்பாளர் சொல்கிறார்" என்று மூன்றாம் ஆள் போலச் சொல்லவேண்டும். வெளியே எங்கே கண்டாலும், அவராக வந்து பேசினால் ஒழிய நாங்கள் அவரைத் தெரிந்ததாகக் காட்டக்கூடாது. கடைசி விதியை நாங்கள் சிரித்துக்கொண்டு கேட்டோம். ஹானா சிரிக்கவில்லை.

தொலைபேசியில் அவர் இடத்தையும் நேரத்தையும் மட்டும்தான் சொல்வார். யாருடைய வழக்கு, எந்த நாடு என்று ஒரு சொல்லும் வராது. வாயில் பூட்டுப் போட்ட மனுசி என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

ஒரு குளிர்காலத்தில் ஹானா என்னை அலுவலகத்துக்கு நேரே கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். வடகொரியாவிலிருந்து வந்த ஒருவர். பாக் என்று வைத்துக்கொள்வோம். முதல் விசாரணைக்கு எங்கள் அலுவலகம் ஒரு கொரிய மொழிபெயர்ப்பாளரை அனுப்பியிருக்கிறது. பாக் அவரைப் பார்த்ததும் வாய் திறக்கவே இல்லை. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்பதற்குக்கூடப் பதில் இல்லை. விசாரணை தள்ளிப்போடப்பட்டது. கொரியன் வேண்டாம், ரஷ்யன்தான் வேண்டும் என்று அவர் தன் வழக்கறிஞரிடம் சொல்லியிருக்கிறார். அவருக்கு ரஷ்யன் தெரிந்தது, அவருடைய அரசாங்கம் அவரைச் சைபீரியக் காட்டுக்கு மரம் வெட்ட அனுப்பியதால். அங்கிருந்து ஓடி, பல வருடங்கள் ரஷ்யாவிலேயே ஒளிந்திருந்து, கடைசியில் இங்கே வந்து சேர்ந்திருந்தார்.

என்னைவிட நல்ல ரஷ்யன்காரர்கள் ஹானாவிடம் எத்தனையோ பேர். ஏன் நான் என்று கேட்டேன். ஓடிவந்த மரவெட்டிகளைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தவர்கள் ரஷ்யர்கள், ஆகவே ரஷ்ய முகம் சரிவராது என்றார். பிறகு, "உன்னுடைய ரஷ்யன் சுமார்தான். உன்னுடைய முகம் நல்லது. அது யாருடைய ஆளும் இல்லை," என்றார். வேலையில் எனக்குக் கிடைத்த மிகப்பெரிய பாராட்டு அதுதான்.

அன்றுதான் முதலும் கடைசியுமாகத் தன் கதையையும் சொன்னார். அவர் இளம்பெண்ணாக இருந்தபோது எல்லை கொஞ்ச நாள் திறந்திருந்தது, வெளியே வந்துவிட்டார். பிறகு எல்லையைப் பூட்டிவிட்டார்கள். அவர் வந்த குற்றத்துக்காகத் தம்பியைப் பல்கலைக்கழகத்திலிருந்து நிறுத்தினார்கள். மகளைப் பார்க்கத் தாய் கேட்ட அனுமதியை மறுத்தார்கள். ரொறன்ரோவில் செக் மக்கள் கூடுகிற மண்டபத்துக்கு அவர் வருடக்கணக்காகப் போகவே இல்லை. அங்கே யார் என்ன பேசினார்கள் என்று ஊருக்கு எழுதுகிற ஒருவர் இருக்கிறார் என்று பேச்சு. யாரென்று தெரியாததால் எல்லாரிடமும் பயம். "அவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்கமான ஆட்கள். நான்தான் பயத்தில் ஒதுங்கி எங்கள் ஊர்ப் பாட்டுகளைக்கூட மறந்துபோனேன்," என்றார்.

எனக்கு இது புதிதல்ல. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கண்டதும் வழக்கறிஞரின் காதில் "உவர் எந்த ஊர்?" என்றுதானே முதலில் கேட்டார்கள்?

விசாரணை நாள் வந்தது. பாக் சின்ன உருவம், பெரிய கைகள். யாரோ கொடுத்த கோட்டுக்குள் பாதி மறைந்திருந்தார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ரஷ்யனில் கேட்டேன். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "பாண். ரீ. நல்லது," என்றார். எனக்கு உயிர் வந்தது.

நடுவர் மரியாதையான மனிதர், ஆனால் விடாக்கண்டர். அவருடைய சந்தேகம் நேரடியானது. ரஷ்யாவிலும் அதன் பக்கத்து நாடுகளிலும் தலைமுறையாக வாழ்கிற கொரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ரஷ்யன்தான் வீட்டுமொழி, பலருக்குக் கொரியன் வராது. இவர் அவர்களில் ஒருவர் என்றால் இவருக்கு நாடு இருக்கிறது, பயம் இல்லை, வழக்கும் இல்லை. கொரியன் பேச மறுக்கிறார், ஊர்ப் பெயர் சொல்ல மறுக்கிறார், பிள்ளையின் பெயரை எழுதவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார். நான் என்ன நினைக்க வேண்டும் என்று நடுவர் கேட்டார். பாக் தன் உயிரைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியைத் தானே வாய்க்குள் பூட்டிவைத்திருந்தார்.

வழக்கறிஞர் ஏன் ஓடினீர்கள், எப்படி ஓடினீர்கள் என்று கேட்கக் கேட்க அவர் சொன்னார். அவருடைய ரஷ்யன் காட்டில் பொறுக்கிய ரஷ்யன். மரம், மரம் அறுக்கிற வாள், சங்கிலி, லொறி, உறைபனி, காவல்காரன் எல்லாவற்றுக்கும் சொல் இருந்தது. இடையிடையே அங்கே வேலைசெய்கிறவர்களின் கெட்டவார்த்தையும் இருந்தது, அது தூசணம் என்று அவருக்குத் தெரியாது. நான் அதையும் சேர்த்து ஆங்கிலத்தில் உடைத்து உடைத்துக் கொடுத்தேன். "ஆறு. ஐஸ். ஓட்டை நான் வெட்டினது. தொப்பி அங்கே. கையுறை அங்கே. நான் காட்டுக்குள்ளே. அவர்கள் பார்த்தது தொப்பி. நான் செத்தது."

இடைவேளையில் அந்த வழக்கறிஞர், இளம் பெண், என்னிடம் வந்தார். நல்ல பிள்ளை, வழக்கு கையைவிட்டுப் போகிறதே என்ற தவிப்பு. கொஞ்சம் கோர்வையாகச் சொன்னால் நடுவருக்கு விளங்குமே என்று கெஞ்சினார். எனக்கும் அந்த ஆசை இருந்தது. அந்த மனிதரின் துன்பத்தை நல்ல வசனத்தில் எடுத்துவைத்தால் கல்லும் கரையும். ஹானாவின் கோட்டு ஞாபகம் வந்தது. முடியாது என்றேன். அவர் முகம் சிவந்து போய்விட்டார்.

திரும்ப உள்ளே போனதும் நடுவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளருக்கு ஏதும் சிரமம் இருக்கிறதா, தேவையென்றால் வேறொருவரை ஒழுங்குபண்ணலாம் என்றார். என் காது சுட்டது. இத்தனை வருடத் தொழிலில் என் ஆங்கிலத்தை ஒருவர் அப்படிக் கேட்டதில்லை. அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விண்ணப்பக்காரரின் ரஷ்யன் இப்படித்தான், பிறப்பால் வந்த ரஷ்யன் அல்ல என்று கத்தவேண்டும் போல இருந்தது. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, நான் சாட்சி இல்லை.

"மொழிபெயர்ப்பாளருக்குச் சிரமம் இல்லை. சொல்லப்பட்டது சொல்லப்பட்டபடியே கொடுக்கப்படுகிறது," என்றேன்.

நடுவர் கீழே வைத்த பேனையைத் திரும்ப எடுத்தார். அந்த வசனம் அவருக்குள் மெல்ல இறங்குவது தெரிந்தது. பிறகு வழக்கறிஞரைப் பார்த்து, அப்படியென்றால் உடைந்திருப்பது இவருடைய ரஷ்யனா என்று கேட்டார். அந்தப் பிள்ளை கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டது. ரஷ்யாவில் பிறந்து வளர்ந்தவர் தன் வீட்டுமொழியை இப்படியா பேசுவார் என்று கேட்டது.

வேண்டுமென்றே உடைத்துப் பேசவும் ஒருவரால் முடியும் என்றார் நடுவர். ஆனால் குரல் மாறியிருந்தது. இப்போது பாக்கிடம் நேரே கேட்டார். ஏன் கொரியன் பேச மறுக்கிறீர்கள்? கொரிய மொழிபெயர்ப்பாளர் உங்களுக்கு என்ன செய்துவிடுவார்?

பாக் கோட்டின் கைகளை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. நான் அதை ஆங்கிலத்தில் சொன்னபடியே இங்கே தமிழில் தருகிறேன்.

"அந்த மனிதர் நல்லவர். நல்லவரும் சாப்பாட்டு மேசையில் கதைப்பார். என் கதை கேட்டால் ஊர் தெரியும். ஊர் தெரிந்தால் வீடு தெரியும். செத்தவன் வீட்டுக்கு அரிசி. ஓடினவன் வீட்டுக்கு லொறி. லொறி வந்தால் எல்லாரும் போவது. நான் செத்தது நல்லது. நீங்கள் இல்லை என்று சொன்னால், நான் போவது, அங்கே உண்மையாகச் சாவது. வீட்டில் அரிசி."

கடைசி வசனத்தை மட்டும் நான் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன். பிள்ளையின் பெயரையாவது சொல்லலாமே என்று நடுவர் மெதுவாகக் கேட்டார். "காகிதத்தில் போடுவீர்கள். காகிதம் நடக்கும்," என்றார் பாக்.

நடுவர் வற்புறுத்தவில்லை. வேறு பக்கமாக வந்தார். வீட்டில் வானொலி இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றார் பாக். என்ன கேட்பீர்கள்? பாக்குக்குச் சொல் கிடைக்கவில்லை. "ஒரு குரல். மற்றது இல்லை. இரும்பு உருக்கினது," என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, அவருடைய வலது கை தானாக மேசைக்கு மேல் எழுந்தது. இரண்டு விரலால் எதையோ பிடித்துத் திருப்பப் போனது, திரும்பாமல் நின்றது. அதன்மேல் மற்றக் கைப் பெருவிரலை வைத்து அழுத்தினார், முத்திரை வைப்பது போல. பிறகு சொன்னார்: காட்டில் ஒரு ரஷ்யச் சமையல்காரியின் வானொலியை அவர் முதல்தடவை திருப்பியபோது, குமிழ் சுற்றியது. எங்கேயும் நிற்காமல் சுற்றியது. அவர் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டார். உடைத்துவிட்டோம் என்று நினைத்தாராம்.

சைகையை மொழிபெயர்க்க எனக்கு அனுமதி இல்லை. வடகொரியாவில் வானொலிக் குமிழை அரசு நிலையத்திலேயே பற்றவைத்து முத்திரை வைப்பார்கள் என்பது நடுவருக்குத் தெரிந்திருந்தது. அவரே ஒலிப்பதிவுக்காக, விண்ணப்பக்காரர் கையால் என்ன காட்டினார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அன்று பின்னேரமே பாக்கை ஏற்றுக்கொள்வதாக அறிவித்தார். நான் அதை ரஷ்யனில் சொன்னேன். பாக் தலையை மட்டும் தாழ்த்தினார். வெளியே வரும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு மனம் நிறைந்திருந்தது.

ஹானாவிடம் போய்ச் சொன்னேன். நடுவர் உன்னை மாற்றப் பார்த்தாரா என்று கேட்டார். ஓம் என்றேன். என் குறிப்புக் காகிதங்களை வாங்கி இயந்திரத்தில் விட்டுக் கிழித்தார். இரண்டு பேருக்கும் தன் கையால் கோப்பி ஊற்றினார். அதற்கு முன்பு அவர் யாருக்கும் கோப்பி ஊற்றி நான் பார்த்ததில்லை. சில வருடங்களுக்கு முன் அவர் காலமானார். அவரைப் போல இன்னொரு மேலதிகாரியை நான் காணவில்லை, காணவும் மாட்டேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, ரொறன்ரோவின் கிழக்கோரம் ரூஜ் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில், பேஸ்மென்றில், தண்ணீர் புகுந்தது. தரைக்குப் பலகை வாங்க மனைவி என்னை மில்லிக்கனில் ஒரு தமிழர் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் ஒரு விலை உயர்ந்த மரத்தைத் தடவிக்கொண்டு நிற்க, பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, பேஸ்மென்ருக்கோ? அப்ப மரம் வேண்டாம். ஈரம் இழுக்கும். உந்த மற்றப் பலகையை எடுங்கோ."

திரும்பினேன். பாக். தலை நரைத்திருந்தது, கைகள் அதே பெரிய கைகள். என் மனைவி வாயைப் பிளந்துவிட்டாள். முதலாளி சிரித்தபடி, "லீ அண்ணை. சைனாக்காரர். கன வருசமா எங்களோட நிண்டு எங்கட ஆளாகிட்டார்," என்றார். எந்தக் கொரியர் மில்லிக்கனில் ஒரு யாழ்ப்பாணத்தாரின் பலகைக் கடைக்குள் தேடப்போகிறார்? எனக்குக் கை தட்டவேண்டும் போல இருந்தது. ஆனால் விதி விதிதான். தெரியாதவன் போல நின்றேன். அவரும் அப்படியே நின்றார்.

மனைவி காசு கட்டிக்கொண்டு நிற்க, பாக் பலகைகளைத் தூக்கிவந்து காரில் ஏற்றினார். கடைசிப் பெட்டியை வைத்துவிட்டு, பின்கதவை மூடாமல் கையை அதன்மேல் வைத்தபடி நின்றார்.

"அண்ணைக்கு எத்தினை பிள்ளையள்?"

"ரெண்டு பேர்," என்றேன்.

"எனக்கு ஒண்டு. மகள். இப்ப முப்பது வயசு வந்திருக்கும்." வீதியைப் பார்த்தார், கடையைப் பார்த்தார். "தமிழில சொன்னா ஒருத்தரும் பின்னால வரமாட்டினம்."

பிறகு அவளுடைய பெயரைச் சொன்னார். ஒருதரம் சொல்லிவிட்டு, சரியாகக் கேட்டேனா என்று என் முகத்தைப் பார்த்து இன்னொருதரம் சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் கதவை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

காரில் ஏறியதும் மனைவி, "உந்த மனுசன் உங்களிட்ட என்ன சொன்னவர்?" என்று கேட்டாள்.

"பலகையை ரெண்டு நாள் வீட்டுக்குள்ள வைச்சிட்டு அடிக்கட்டாம்," என்றேன்.

ஒருவர் சொன்னதை அப்படியே மறுபக்கம் சேர்க்காமல் நான் விட்டது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். அந்தப் பெயரை இங்கேயும் எழுதப்போவதில்லை.